வறட்டாற்றுக்கு வடக்கே

தீவின் வடகோடியில் இருக்கும் ரோஸ் ரவீனிலிருந்து தலைநகருக்கு ஓடிய பஸ்களில் ஒன்றை மட்டும் ஒரு பெண் ஓட்டினாள். அவள் பெயர் டெல்சி ஒலிவியர். ஐம்பதைத் தாண்டியவள், அகன்ற தோள்காரி, மழை நாளில்கூடக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற மாட்டாள். அவள் பஸ்ஸில் ஏறினவர்கள் முதல் வளைவு வருவதற்குள் கையிலிருக்கும், பலாவைப் போன்ற ரொட்டிப்பழத்தை மடியில் இறுக்கிக்கொண்டு கர்த்தரை நினைத்துக்கொள்வார்கள். ஆனாலும் அவள் பஸ்ஸுக்காகத்தான் காத்திருப்பார்கள். வேலைக்கு நேரத்தில் போய்ச் சேர்க்கிற பஸ் அது ஒன்றுதான்.

சின்ன வயதில் அவள் வாழைக்காய்க் கொட்டகையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். வாழைக்காய் ஏற்ற வந்த கப்பல்கள் வருவதை நிறுத்திய பிறகு கொட்டகைக்குப் பூட்டு விழுந்தது. டெல்சி வேறு தீவுக்குப் போய், ஓட்டலில் வெள்ளைக்காரர்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துப் பல வருஷம் கழித்தாள். திரும்பி வரும்போது ஒரு பழைய ஜப்பான் பஸ்ஸைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தாள். வீட்டில் புருஷன் கத்பர்ட் இல்லை. நாலு வீடு தள்ளி வேறொருத்தியோடு குடியிருந்தான். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு சண்டைக்காகக் காத்திருந்தது. டெல்சி ஒரு வார்த்தை பேசவில்லை. தன் தையல் மெஷினையும் பாத்திரங்களையும் எடுத்துக்கொண்டு, செத்துப்போன அப்பாவின் வீட்டைத் திறந்து அதில் குடியேறினாள். மறுநாள் காலையில் பஸ்ஸை எடுத்தாள். கத்பர்ட் ஒரு நாளும் அந்த பஸ்ஸில் ஏறியதில்லை.

பிறகு அவனுக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. கூட இருந்தவள் மகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கனடாவுக்குப் போனாள். போனவள் போனவள்தான். ஊர் மருத்துவ நிலையத்தின் நர்ஸ் ஹேஸ்லின்தான் தினமும் போய் அவனைப் புரட்டிப் போட்டு, குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டிவிட்டு வந்தாள். டெல்சிக்கு இது தெரியும். தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ள மாட்டாள்.

அந்த வருஷக் கடைசியில், ஊருக்கு மேலே நின்ற எரிமலை புகைய ஆரம்பித்தது. உச்சியிலிருந்த குளம் வற்றி, அதன் நடுவில் கறுப்பாக ஒரு மேடு வளர்கிறது என்று ஆராய்ச்சிக்காரர்கள் வந்து சொன்னார்கள். இரவில் மேகத்தின் அடிவயிறு சிவந்து தெரிந்தது. பேரிடர் அலுவலகத்திலிருந்து ட்ரூடி என்ற பெண் வந்து, மெதடிஸ்ட் பள்ளிக்கூடத்தில் எல்லா இலாகாக்காரர்களையும் கூட்டினாள். போலீஸ், தீயணைப்பு, மருத்துவம், சாலைத் துறை, கடலோரக் காவல்படை, மீனவர் சங்கம், மூன்று சபைகளின் பாஸ்டர்கள். பஸ்காரர்களை யாரும் அழைக்கவில்லை. டெல்சி தானாகவே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

பக்கத்து ஊரான சாண்டி கட்டின் காவல் நிலைய சார்ஜென்ட் குவாஷி எழுந்து பேசினார். உயரமான மனிதர், சட்டை மடிப்பு கலையாதவர். வேகமாக ஓட்டினாள், ஆள் அடைத்தாள் என்று டெல்சியை அவர் நிறுத்தாத வாரம் கிடையாது.

"சிவப்பு எச்சரிக்கை வந்ததும் பஸ்கள் வடக்கே வரும். ஜனங்களை ஏத்திக்கிட்டு தெற்கே இருக்கிற முகாமுக்குப் போகும்" என்றார்.

"எந்த பஸ்?" என்று கடைசி பெஞ்சிலிருந்து குரல் வந்தது.

சார்ஜென்ட் கழுத்தை நீட்டிப் பார்த்தார். "மிஸ் டெல்சி, இது இலாகாக் கூட்டம்."

"தெரியுது. அதான் கேக்குறேன். எந்த பஸ்? யாரோடது? யார் ஓட்டுறது? சாயங்காலம் ஆச்சுன்னா வடக்கத்தி பஸ்ல பாதி தலைநகர்ல நிக்கும். நீங்க எங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா? இல்ல பஸ்ஸுங்களே கூடிப் பேசி முடிவெடுத்துடுச்சா?"

பின்னாலிருந்த மீனவர்கள் சிரித்தார்கள். ட்ரூடி சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, "நீங்க முன்னாடி வந்து உக்காருங்க" என்றாள்.

அப்படித்தான் வடக்குக் கிராமங்களின் வண்டிப் பொறுப்பு டெல்சியிடம் வந்தது. சாலைப் பொறுப்பு சார்ஜென்டிடம். இருவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டியிருந்தது.

உட்கார்ந்த முதல் நாளே வறட்டாற்றை வைத்துச் சண்டை மூண்டது. வடக்குக் கிராமங்களுக்குப் போக ஒரே சாலைதான். அது வறட்டாற்றின் படுகையைத் தரைப்பாலத்தில் கடக்கிறது. ஆற்றில் வருஷம் முழுக்கத் தண்ணீர் கிடையாது. ஆனால் மலைமேல் சாம்பல் கிடந்து, அதன்மேல் மழை பெய்தால், சேறும் பாறையுமாக ஒரே மூச்சில் இறங்கிவிடும். எச்சரிக்கை வந்தபின் வடக்கே போகும் வண்டிகள் எதையும் பாலத்தில் விட முடியாது என்றார் சார்ஜென்ட்.

"அப்போ முதல் நடை ஏத்தி வந்த பஸ் ரெண்டாம் நடைக்கு எப்படிப் போகும்? பறந்தா?"

"நீங்க ஓட்டுறதைப் பார்த்தா பறக்குற மாதிரிதான் இருக்கு."

"சார்ஜென்ட், நான் வேடிக்கை பேசல. ஒரே நடையில ஊரு காலியாகாது."

கடைசியில் சாலைத் துறையின் லெனக்ஸ் ஒரு வழி சொன்னார். அவர் ஆற்றின் மேற்பக்கத்து மேட்டில் வாக்கி-டாக்கியோடு நிற்பார். அவர் "சரி" என்று சொல்லும்வரை பஸ்கள் போகலாம், வரலாம். "மூடு" என்று சொன்னால் பாலத்தை மூடிவிட வேண்டும். அதற்குப் பிறகும் வடக்கே யாராவது சிக்கிக்கொண்டால், ரோஸ் ரவீன் கரைக்கு மீனவர்கள் படகு கொண்டு வருவார்கள், கடலில் தள்ளி நிற்கும் காவல்படைக் கப்பலில் ஏற்றிவிடுவார்கள்.

இதைக் கேட்டதும் மீனவர் சங்கத் தலைவர் பிகா நாற்காலியைப் பின்னால் தள்ளினார். மலை மாதிரி ஆள். "சார்ஜென்ட் கூப்பிட்டா நாங்க ஓடி வரணுமா? போன வருஷம் லைஃப் ஜாக்கெட் இல்லைன்னு என் இன்ஜினைக் கழட்டிட்டுப் போனவர் இவர். மூணு மாசம் என் படகு மணல்ல கிடந்துச்சு."

"சட்டம்னா சட்டம்தான்" என்றார் சார்ஜென்ட்.

"நல்லது. படகுன்னா படகுதான். வந்தா வரும், வராட்டி வராது."

ட்ரூடி இருவருக்கும் கொக்கோ டீ ஊற்றிக் கொடுத்து உட்கார வைத்தாள். அன்று அதற்குமேல் எதுவும் முடிவாகவில்லை.

மாசி மாதம் ஒத்திகை நடந்தது. அது ஒரு கூத்தாக முடிந்தது. சாப்பாடு உண்டு என்று சபையில் அறிவித்துவிட்டதால் பக்கத்து ஊர்க்காரர்களும் வந்து பஸ்ஸில் ஏறிக்கொண்டார்கள். தலைநகரிலிருந்து கிளம்பிய ஆம்புலன்ஸ் குறுகலான வளைவில் டெல்சியின் பஸ்ஸோடு மூக்கும் மூக்குமாக நின்றது. யாராலும் பின்னால் போக முடியவில்லை. போலீஸ் பேசிய அலைவரிசை காவல்படைக்குக் கேட்கவில்லை. காவல்படை பேசியது யாருக்குமே கேட்கவில்லை. எல்லோரும் ஒரே அலைவரிசைக்கு மாற வேண்டும் என்று அன்று முடிவு செய்தார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு நர்ஸ் ஹேஸ்லின் டெல்சியின் பஸ் பக்கத்தில் வந்து நின்றாள். சின்னப் பெண், பேசுமுன் உதட்டைக் கடித்துக்கொள்வாள்.

"மிஸ் டெல்சி, ரோஸ் ரவீன்ல படுத்த படுக்கையா மூணு பேர் இருக்காங்க. அவங்களைப் பத்தி யாருமே பேசல."

"ஆம்புலன்ஸ் வரும்னு சொன்னாங்களே."

"இன்னிக்கு வந்துச்சே, அந்த மாதிரியா?"

டெல்சி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மூன்றில் ஒருவன் யார் என்று அவள் கேட்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பஸ்ஸின் பின்பக்கத்து இரண்டு வரிசை சீட்டுகளைக் கழற்றி வீட்டில் போட்டாள். அங்கே மெத்தை விரிக்க இடமானது. அன்றிலிருந்து ஒவ்வொரு நடையிலும் அத்தனை பேரின் டிக்கெட் காசு போயிற்று. எதற்கு என்று கேட்டவர்களிடம் சீட்டில் கறையான் என்று சொல்லி வைத்தாள்.

பிறகு ஒரு வாரம் மலை கொஞ்சம் கொஞ்சமாகச் சாம்பலைத் துப்பியது. மேல்சரிவு முழுக்க நரைத்துப்போனது. வியாழக்கிழமை மத்தியானம் எல்லா கைபேசிகளும் ஒரே நேரத்தில் அலறின. சிவப்பு.

டெல்சி அப்போது வறட்டாற்றுக்குத் தெற்கே சாண்டி கட் ஊரில் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தாள். குழாயை அப்படியே போட்டுவிட்டு வண்டியை எடுத்தாள். மற்ற பஸ்காரர்களுக்கு வழியிலேயே போன் போட்டாள். தலைநகரில் நின்றவர்களைத் திட்டித் திருப்பினாள். முதல் நடையில் குழந்தைகள் உள்ள வீட்டுக்காரர்கள். இரண்டாவது நடையில் நடு ஊர்க்காரர்கள். ஆடுகளை விட்டு வர மாட்டேன் என்ற கிழவரை அவர் மகள்களே தூக்கிப் போட்டார்கள். ஒருத்தி டிவியைக் கட்டிக்கொண்டு வந்தாள். டெல்சி எதுவும் சொல்லாமல் டிவியை வாங்கித் தரையில் வைத்துவிட்டு ஆளை உள்ளே தள்ளினாள். ஒவ்வொரு தடவை தரைப்பாலத்தைக் கடக்கும்போதும் மேட்டிலிருந்து லெனக்ஸின் குரல் பஸ்ஸிலிருந்த வாக்கி-டாக்கியில் ஒலித்தது. "சரி. போங்க. சரி."

இரண்டாவது நடையை இறக்கிவிட்டு நிமிர்ந்தபோது ஹேஸ்லினிடமிருந்து போன் வந்தது.

"மிஸ் டெல்சி, ஆம்புலன்ஸ் வரலை."

"எங்கே இருக்கு?"

"தெக்கே. ஜனங்க கார்ல கிளம்பி ரோட்டை அடைச்சுட்டாங்களாம். எப்ப வரும்னு யாருக்கும் தெரியலை. இங்கே ஊர்ல இப்போ நாங்க நாலு பேர்தான்."

டெல்சி பஸ்ஸைத் திருப்பினாள்.

தரைப்பாலத்தில் சார்ஜென்ட் குவாஷி தன் ஜீப்பைக் குறுக்கே நிறுத்தியிருந்தார். சட்டை மடிப்பெல்லாம் கலைந்திருந்தது. கண்ணைச் சுற்றிச் சாம்பல். அவர் இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

"முடிஞ்சுது டெல்சி. மேலே மழை கட்டி நிக்குது. இனி யாரையும் விட மாட்டேன்."

"லெனக்ஸ் மூடுன்னு சொன்னாரா?"

"இன்னும் சொல்லலை. சொல்றதுக்கு முன்னாடியே மூடுறதுதான் புத்தி."

"ஹேஸ்லின் அங்கே இருக்கா. படுத்துக் கிடக்கிற மூணு பேரோட."

சார்ஜென்ட் கைகளை இறக்கினார். "ஆம்புலன்ஸ்?"

"வரலை. வராது. ஜீப்பை எடுங்க."

"நீ போய் ஏத்தி வர்றதுக்குள்ள ஆறு இறங்கிடுச்சுன்னா? நாலு பேருக்காகப் போய் அஞ்சாவதா நீயும் போகணுமா? என் பேர்ல பொறுப்பு இருக்கு, தெரியுமா?"

"எனக்கும்தான் இருக்கு. உங்ககூட ஒரே மேசையில உக்காந்து வாங்கிக்கிட்டது. அங்கே ஒரு சின்னப் பொண்ணு ஓடிப்போக வழியிருந்தும் போகாம உக்காந்திருக்கா, சார்ஜென்ட். அவகிட்ட போன்ல நான் என்ன சொல்லட்டும்? பாலத்துல போலீஸ் நிக்குதுன்னா?"

அவர் வாக்கி-டாக்கியை வாயருகே கொண்டு போனார். "லெனக்ஸ், மேலே எப்படி?"

இரைச்சலுக்கு நடுவில் குரல் வந்தது. "கறுத்துக் கிடக்கு சார். ஆத்துல இன்னும் ஒண்ணும் இல்லை. ஆனா எனக்குப் பிடிக்கலை."

சார்ஜென்ட் மலையைப் பார்த்தார். பிறகு ஜீப்பைப் பின்னால் எடுத்தார். பஸ் ஜன்னலருகே வந்து, "திரும்பி வரும்போது நான் நிறுத்துன்னு சொன்னா நிறுத்தணும். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசக்கூடாது. நேரா கடற்கரைக்குப் போயிடு. நான் படகு அனுப்புறேன்" என்றார்.

"பிகா உங்க பேச்சைக் கேட்பானா?"

"தெரியாது."

"அவனுக்கு உத்தரவு போடாதீங்க. கெஞ்சுங்க" என்று சொல்லிவிட்டு அவள் கியரை மாற்றினாள்.

ஊரில் நாய்கள் மட்டும் நடமாடின. ஹேஸ்லின் மூன்று பேரையும் மருத்துவ நிலைய வராந்தாவுக்குக் கொண்டுவந்து சேர்த்திருந்தாள். எப்படி இழுத்து வந்தாளோ, அவள் முழங்கைத் தோல் வழன்றிருந்தது. மிஸ் ஈனா எலும்பும் தோலுமாகப் போர்வைக்குள் சுருண்டு கிடந்தார். சர்க்கரை நோயில் இரண்டு காலையும் இழந்த டானி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மூலையில் கத்பர்ட். ஒரு காலத்தில் அவன் பந்து வீச ஓடி வந்தால் வேலிக்கு வெளியே நின்றவர்கள்கூட ஒதுங்குவார்கள். இப்போது வாயின் ஒரு பக்கம் எச்சில் வழிந்தது.

"முதல்ல மிஸ் ஈனா" என்றாள் டெல்சி.

இரண்டு பெண்களும் தூக்கினார்கள். டானி கைகளை ஊன்றித் தானே படியேறி உள்ளே போனான். "என்னைப் பத்திக் கவலைப்படாதீங்க, நான் பாதி எடைதான்" என்றான். கத்பர்ட்டைத் தூக்கும்போது டெல்சி அவன் தோளுக்கடியில் கைகொடுத்தாள். அத்தனை வருஷத்துக்குப் பிறகு அவன் உடம்பைத் தொட்டது அப்போதுதான். தூக்க முடியாமல் கனத்தான்.

"நீ எதுக்கு வந்தே?" என்றான் குழறலாக.

"நர்ஸ் கூப்பிட்டா, வந்தேன். வாயை மூடிக்கிட்டு காலை ஊனு. ஊனுறதுக்கு இன்னும் ஒரு கால் இருக்கில்ல."

கதவைச் சாத்தியபோது மலை வெடித்தது.

காதில் விழுந்த சத்தத்தைவிட வயிற்றுக்குள் விழுந்த அடிதான் அவளுக்கு முதலில் தெரிந்தது. பஸ்ஸின் பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். வானத்தைப் பிளந்துகொண்டு ஒரு கறுப்புத் தூண் எழுந்து, மேலே போய்க் குடை மாதிரி விரிந்தது. கொஞ்ச நேரத்தில் சூரியன் அணைந்துவிட்டது. பொடிக்கல் பஸ் கூரையில் படபடவென்று கொட்டியது. பிறகு சாம்பல். வைப்பர் அதைத் தள்ளவில்லை, கண்ணாடியில் தேய்த்துப் பூசியது. ஹேஸ்லின் ஜன்னல் வழியே கையை நீட்டிக் குடிதண்ணீர் பாட்டிலைக் கண்ணாடிமேல் ஊற்றினாள். ஒரு கை அகலத்துக்குச் சாலை தெரிந்தது. டெல்சி அந்தக் கை அகலத்தை வைத்தே ஓட்டினாள். வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக அவள் ஓட்டியதில்லை. இன்ஜின் இருமத் தொடங்கியது. பின்னால் மிஸ் ஈனா மூச்சுக்கு இழுப்பது முன் சீட்டுக்குக் கேட்டது.

தரைப்பாலத்துக்கு முந்தைய இறக்கத்தில் வாக்கி-டாக்கி வெடித்தாற்போல் கத்தியது. "மூடு! மூடு! இறங்குது, இறங்குது!" லெனக்ஸின் குரல். அதன்மேலேயே சார்ஜென்டின் குரல். "டெல்சி, நிறுத்து! இப்பவே நிறுத்து!"

அவள் இரண்டு காலையும் பிரேக்கில் ஊன்றினாள். பஸ் சறுக்கி, சாலையோரக் கல்லில் இடித்து நின்றது. இருட்டில் எதுவும் தெரியவில்லை. ஆனால் கேட்டது. லாரி லாரியாகக் கருங்கல்லைக் கொட்டுவது போல ஆறு இறங்கியது. பாறைகள் ஒன்றோடொன்று மோதும் ஒவ்வொரு சத்தத்துக்கும் தரை அதிர்ந்து இருக்கையில் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் முன்னால் போயிருந்தால் என்று அவள் நினைக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"சார்ஜென்ட், நான் கடற்கரைக்குப் போறேன்" என்றாள் வாக்கி-டாக்கியில். பதில் வரவில்லை. இரைச்சல்தான் வந்தது. அவள் பஸ்ஸைப் பின்னால் எடுத்து ரோஸ் ரவீன் பக்கம் திருப்பினாள்.

கடற்கரைக்கு இறங்கும் மண்பாதையின் பாதியில் இன்ஜின் நின்றுவிட்டது. மறுபடி எழவில்லை. பாதை இறக்கமாக இருந்ததால் கியரை விடுவித்து உருளவிட்டாள். மணல் தொடங்கும் இடத்தில் பஸ் புதைந்தது. கடல் எங்கிருக்கிறது என்று அலைச் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்தது. அலை பெரிதாக இருந்தது. ஹெட்லைட்டை மட்டும் எரியவிட்டு, ஈரத் துணியை எல்லோர் மூக்கிலும் கட்டினார்கள்.

அவர்கள் காத்திருந்தார்கள்.

"வருவாங்களா?" என்று ஹேஸ்லின் கேட்டாள்.

"வருவாங்க."

"நிஜமாவா?"

டெல்சி இருட்டில் அலைச் சத்தம் வந்த பக்கம் பார்த்தாள். பிகாவின் படகு மணலில் கிடந்த மூன்று மாதத்தை நினைத்துக்கொண்டிருந்தாள்.

கூரையில் சாம்பல் கனத்துக்கொண்டே போனது. தகரம் முனகியது. டெல்சி வெளியே இறங்கி, ஏணியில் ஏறி, கழற்றிய கால்மிதியால் சாம்பலைத் தள்ளினாள். தள்ளத் தள்ள விழுந்தது. கீழே வந்தபோது கத்பர்ட் ஏதோ சொல்ல முயன்றான். அவள் குனிந்தாள்.

"நான்... உங்கிட்ட..."

"இப்போ வேண்டாம் கத்பர்ட். மூச்சை மிச்சம் பிடி. சொல்றதை வெளிச்சத்துல சொல்லு."

ஹெட்லைட் மங்கத் தொடங்கிய நேரத்தில் டானிதான் முதலில் கேட்டான். "இன்ஜின்" என்றான். எல்லோரும் மூச்சை அடக்கினார்கள். அலைக்குப் பின்னால் மெல்லிய உறுமல். ஒன்றல்ல, இரண்டு, மூன்று. பிறகு டார்ச் வெளிச்சம் இங்குமங்கும் அலைந்தது. டெல்சி ஹாரனை அழுத்தியவள் கையை எடுக்கவேயில்லை.

முதல் படகிலிருந்து பிகா இடுப்பளவு தண்ணீரில் குதித்தார். அவர் பின்னால் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டைக் கழுத்துவரை இறுக்கிக்கொண்டு, படகின் விளிம்பில் தொங்கி, கடலுக்கே வாந்தி எடுத்துக்கொண்டிருந்தவர் சார்ஜென்ட் குவாஷி. அவருக்கு நீச்சல் தெரியாது என்று அன்றுதான் தெரிந்தது.

நடந்ததைப் பிகா பிறகு ஊரெல்லாம் சொன்னார். சார்ஜென்ட் காவல்படைக் கப்பலைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாராம். அந்தக் கப்பல் இன்னும் பழைய அலைவரிசையிலேயே இருந்தது. மாற்றச் சொல்லும் தகவல் அதற்குப் போய்ச் சேரவே இல்லை. உடனே மீனவர் சங்கத்துக்கு ஓடி வந்தார். "தொப்பியைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டாரு. பிகா, நீ என்னை மன்னிக்க வேண்டாம், படகை மட்டும் எடுன்னாரு. நான் என்ன பண்றது? கப்பல்ல இருக்கிற இன்ஜின்காரன் என் கொழுந்தியா மகன். அவன் போனுக்கு அடிச்சேன். ஆனா நீங்களும் கூட வரணும்னு சொன்னேன். வருவாருன்னு நான் நினைக்கவேயில்லை."

மணலில் அவ்வளவு பேச நேரமில்லை. மெத்தையோடு மிஸ் ஈனாவை நாலு பேர் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அலையில் இறங்கினார்கள். டானியைப் பிகா முதுகில் உப்பு மூட்டை தூக்கினார். கத்பர்ட்டின் ஒரு பக்கம் டெல்சி, மறுபக்கம் சார்ஜென்ட். ஒரு அலை மூன்று பேரையும் சேர்த்துப் புரட்டியது. சார்ஜென்ட் தண்ணீருக்குள் போய் எழுந்தார். பிடியை மட்டும் விடவில்லை.

"மூச்சு இருக்கா?" என்று கத்தினாள் டெல்சி.

"யாருக்கு, அவனுக்கா எனக்கா?" என்று இருமினார் அவர்.

தள்ளி நின்ற கப்பலுக்கு அவர்களை மாற்றி ஏற்றினார்கள். அதன் தளத்தில் உட்கார்ந்து டெல்சி கரையைத் திரும்பிப் பார்த்தாள். பஸ்ஸின் விளக்கு எங்கும் தெரியவில்லை. அணைந்துவிட்டதா, புதைந்துவிட்டதா என்று யோசித்தாள். அழுகை வரவில்லை. கை மட்டும் இன்னும் ஸ்டியரிங்கைப் பிடிப்பதுபோல் மடங்கியிருந்தது. ஹேஸ்லின் அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

மிஸ் ஈனா முகாமில் மூன்றாம் நாள் இறந்துபோனார். நுரையீரலில் சாம்பல் என்றார் டாக்டர். ஹேஸ்லின்தான் கண்ணை மூடிவிட்டாள்.

பல மாதம் தெற்கே ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில் கழிந்தது. டப்பாவில் அடைத்த மீனும் அரிசியும், ஞாயிறானால் யாராவது கொண்டுவரும் வறுத்த ரொட்டிப்பழமும். கத்பர்ட் பக்கத்து அறையில் கிடந்தான். ஒரு காலையில், வெளிச்சம் நன்றாக வந்தபின், அவன் சொல்ல வந்ததைச் சொன்னான். டெல்சி கடைசிவரை கேட்டாள். "சரி" என்றாள். மன்னித்தேன் என்றோ மாட்டேன் என்றோ சொல்லவில்லை. அன்றிலிருந்து காலைக் கஞ்சியை ஹேஸ்லினுக்குப் பதிலாக அவள் கொண்டுபோய்க் கொடுத்தாள். கேட்டவர்களுக்கெல்லாம், அதற்குமேல் ஒன்றும் இல்லை என்று முகத்திலடித்தாற்போல் சொன்னாள்.

மலை அடங்கியபின் மறுபடி எல்லா இலாகாக்காரர்களையும் ட்ரூடி கூட்டினாள். தலைநகரிலிருந்து வந்த பெரிய அதிகாரி, வடக்குக் கிராமங்களில் ஓர் உயிர்கூடப் போகாமல் திட்டப்படி வேலை முடிந்தது என்று எல்லோரையும் பாராட்டினார். கைதட்டல் எழுந்தது. ஹேஸ்லின் உதட்டைக் கடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"ஈனா பாம்ப்ரெட்" என்றாள். "அவங்க பேர் அது."

கைதட்டல் நின்றது. அதிகாரி தாளைப் புரட்டினார். அது முகாமில் நடந்த இயற்கை மரணம் என்று ஏதோ சொல்லத் தொடங்கினார்.

இம்முறை டெல்சி முன் வரிசையிலேயே உட்கார்ந்திருந்தாள். "ஐயா, யாரையும் குத்தம் சொல்ல நான் வரலை" என்றாள். "நானும் அந்தத் திட்டம் போட்ட ஆள்தான். நடக்க முடிஞ்சவங்களையெல்லாம் முதல்ல ஏத்தினோம். நடக்க முடியாதவங்களைக் கடைசிக்கு விட்டோம். ஆம்புலன்ஸ் வரும்னு ஆளாளுக்கு நம்பிட்டு இருந்துட்டோம். ரெண்டு நடை அவங்களை ஏத்தாமலே அவங்க வீட்டைத் தாண்டிப் போயிருக்கேன். முதல் நடையிலேயே மிஸ் ஈனாவை ஏத்தியிருந்தா அவங்க அந்தச் சாம்பலை மூச்சுல இழுத்திருக்கவே மாட்டாங்க. அடுத்த தடவை முதல் பஸ் நர்ஸோட ஆளுங்களுக்கு. அதை எழுதுங்க. மத்ததெல்லாம் பிறகு பேசலாம்."

ட்ரூடி பேனாவைத் திறந்தாள். பிறகு சார்ஜென்ட் குவாஷி தொண்டையைச் செருமினார். "சாலைப் பொறுப்பு ஒத்துக்குது" என்றார்.

"படகும் ஒத்துக்குது" என்றார் பிகா.

காவல்படையின் லெப்டினன்ட் எழுந்து, கப்பலின் அலைவரிசையை அன்று காலையிலேயே மாற்றிவிட்டதாகச் சொன்னார். அதை நம்பாத டெல்சி, வாக்கி-டாக்கியைக் கையில் எடுத்துத் துறைமுகத்தில் நின்ற கப்பலைக் கூப்பிட்டாள். கொஞ்சம் இரைச்சலுக்குப் பிறகு ஒரு குரல் கேட்டது. அவள் தன் பெயரையும், எங்கிருந்து பேசுகிறாள் என்பதையும் சொல்லி, நான் பேசுவது தெளிவாகக் கேட்கிறதா என்று இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் கேட்கிறது என்று பதில் வந்த பிறகுதான் கீழே வைத்தாள்.